புட்டியில் வந்த வெயில்

நெவெனாவால் மாதத்தில் சில நாட்கள் வண்டி ஓட்ட முடியாது. முடியாது என்று டெப்போவில் சொல்லவும் முடியாது. ருமேனிய எல்லையோரத்து ரூசே நகரத்தில் டிராலி பஸ் ஓட்ட ஆட்கள் குறைவு. ஒருத்தி விடுப்பு கேட்டால் இன்னொருத்திக்கு இரண்டு முறை வேலை விழும். அதனால் அவள் சீருடைக்குள் வெந்நீர்ப் பையைச் சொருகிக்கொண்டு, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, ஸ்டியரிங்கை வயிற்றோடு அணைத்தபடி ஓட்டுவாள். மேலே மின்கம்பிகள் உரசும் சத்தத்தில் அவள் பல்லைக் கடிப்பது யாருக்கும் கேட்டதில்லை.

பதினாலு வயதிலிருந்து இப்படித்தான். பள்ளிக்கூட டாக்டர் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்றார். அடுத்து வந்தவர் கல்யாணமானால் சரியாகும் என்றார். அதற்கடுத்தவர் ஒரு பிள்ளை பெற்றுவிட்டால் போய்விடும் என்றார். கல்யாணமும் ஆயிற்று. பிளாமென் நல்லவன். லிப்ட் பழுது பார்க்கும் வேலை. எதையும் கையேட்டில் போட்டிருக்கும் வரிசைப்படி செய்கிறவன், பேச்சும் அப்படித்தான், ஒரு சொல் மிச்சம் இருக்காது. ஆனால் பிள்ளை வரவில்லை. வருஷங்கள் போயின, வலி மட்டும் தவறாமல் வந்தது.

முப்பத்து நான்கு வயதில்தான், ஒரு நவம்பர் மாதம், ஹட்ஜியேவா என்ற பெண் மருத்துவரிடம் போனாள். அவர் ஸ்கேன் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வலிக்குதுன்னு சொன்னது அத்தனையும் நெசம்," என்றார். "இத்தனை வருஷமா யாரும் ஒழுங்காப் பாக்கலயே."

நெவெனாவுக்கு அழுகை வந்துவிட்டது. நோய்க்கு ஒரு பெயர் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்தோலைப் போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே அங்கங்கே முளைத்துவிடுகிறது, மாதாமாதம் அதுவும் கசிகிறது, கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் புண்ணாகிறது என்று டாக்டர் விளக்கினார். இடது சினைப்பையில் அப்படித் தேங்கிய பழைய ரத்தம் ஒரு கட்டியாகவே நின்றது. சிறு துளைகள் போட்டு எடுத்துவிடலாம் என்றார். எடுக்கும்போது சினைப்பையிலும் கொஞ்சம் போகலாம் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன பலவும் நெவெனாவின் காதில் விழவில்லை. கொஞ்சம் போகலாம் என்ற அந்த இரண்டு சொல் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது. நெவெனா சிரித்துவிட்டாள்.

"நாள் பூரா வெயில்லதானே டாக்டர் உக்காந்திருக்கேன்? கோடைல கண்ணே கூசிப்போகும்."

"கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கீங்க. கண்ணாடி வழியா வர்ற வெயில் ஒடம்புக்கு அந்தச் சத்தக் குடுக்காது."

இந்த நோய் இருக்கிற பெண்கள் பலருக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன என்றார் ஹட்ஜியேவா. குறைவினால் நோய் வருகிறதா, நோயினால் குறைகிறதா, இரண்டும் தற்செயலா என்பது யாருக்கும் தெரியாது. கொடுத்துப் பார்த்ததில் சிலருக்கு வலி குறைந்தது, சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

"கொறைவா இருக்கு, அதனால சொட்டு மருந்து எழுதறேன். எழுதின அளவுதான். இது கட்டியக் கரைக்கிற மருந்து இல்ல. ஆபரேஷன் தேதியத் தள்ளிப் போடாதீங்க."

நெவெனா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அவளுடைய அக்கா தெமெனூகா சந்தைப் பக்கம் நகப்பூச்சுக் கடை வைத்திருப்பவள். தங்கையின் வலியைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்; ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள். தெமெனூகாவுக்கு டாக்டர்களைக் கண்டால் ஆகாது. செய்தி கேட்ட அன்றே போனைக் கையில் எடுத்தவள், இந்த நோய் உள்ள பெண்கள் கூடிப் பேசும் குழு ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு வாரத்தில் அதில் பழம்தின்று கொட்டைபோட்டவள் மாதிரி ஆகிவிட்டாள்.

"எங்க குரூப்ல ஒருத்திக்கு கட்டி பாதியா சுருங்கிடுச்சாம்டி. கத்தியே வைக்கல. வெறும் வைட்டமின் டி."

"டாக்டர் கரையாதுன்னாங்களே அக்கா."

"அவங்க ஏன் கரையும்னு சொல்லப் போறாங்க? கரைஞ்சா அவங்களுக்கு என்ன வேலை?"

அடுத்த முறை வந்தபோது ஒரு பழுப்பு நிறப் புட்டியைக் கொண்டுவந்தாள். மேலே ஒரு சூரியப் படம், சுற்றிலும் வாசிக்கத் தெரியாத எழுத்துகள். குழுவில் இருக்கும் பெண் ஒருத்தியே வரவழைத்துத் தருகிறாளாம். மருந்துக் கடையில் கிடைப்பதைவிடக் காட்டமானது என்று சொன்னபோது தெமெனூகாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. தங்கைக்காக எதையோ சாதித்துக் கொண்டுவந்துவிட்ட பெருமை.

பிளாமெனிடம் சொல்ல வேண்டாம் என்று நெவெனா முடிவு செய்தாள். அவன் டாக்டர் எழுதிய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, இதில் இது இல்லையே என்பான். புட்டியைக் குளியலறை அலமாரியில் துவாலைகளுக்குப் பின்னால் வைத்தாள்.

டிசம்பரில் வலி குறைவாக வந்தது. முன்பும் எப்போதாவது அப்படி ஒரு மாதம் வந்ததுண்டு, ஆனால் அதெல்லாம் அவள் நினைவில் நிற்கவில்லை. கட்டி கரைகிறது என்றே நம்பினாள். கிறிஸ்துமஸ் மேஜையில் அவள் சிரித்துப் பேசுவதைப் பார்த்து மாமியார் ஸ்தோயாங்கா, இந்த வருஷம் மருமகளுக்கு முகத்தில் ரத்தம் ஓடுகிறது என்று சொல்லி பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்ஸாவில் இன்னொரு துண்டை அவள் தட்டில் வைத்தாள். மருத்துவமனையிலிருந்து ஆபரேஷன் தேதி குறித்துக் கூப்பிட்டார்கள். குளிர் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று நெவெனா சொல்லிவிட்டாள்.

ஜனவரியில் வலி பழையபடி வந்தது. வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டு இருக்கையிலேயே சுருண்டு கிடந்தாள். மருந்து வேலை செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. போதவில்லை என்று தோன்றியது. சொட்டுகளைக் கூட்டினாள். காலையில் எடுத்ததை மாலையிலும் எடுத்தாள். டாக்டர் எழுதியதையும் விடவில்லை. கூடவே எலும்புக்கு நல்லது என்று அக்கா கொடுத்த கால்சியம் மாத்திரை. புட்டி தீர்ந்ததும் தெமெனூகா இன்னொன்று கொண்டுவந்தாள்.

பிப்ரவரி நடுவில் தாகம் எடுக்கத் தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடித்த தண்ணீர் உடனே வெளியேற வேண்டும் என்றது. டிராலி பஸ்ஸை நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு ஓட முடியுமா? முட்டும் வயிற்றோடு கடைசி நிறுத்தம் வரை ஓட்டி, கழிப்பறைக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர் குடித்தாள். காலையில் குமட்டியது. காபி வாசனை ஆகவில்லை. எந்நேரமும் அசதி. அந்த மாதம் தூரம் வரவில்லை.

அவள் அந்த எண்ணத்தைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஆனால் அது வாசலில் வந்து நின்றுகொண்டது.

மருந்துக் கடையில் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்தாள். இல்லை என்றது. ரொம்ப சீக்கிரம் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு அதைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அன்று மாலை பிளாமென் ஊற்றித் தந்த காபியை அவள் தள்ளி வைத்ததைப் பார்த்து அவன் கேட்டான். என்ன, எதாவது விசேஷமா? எனக்குத் தெரியல என்றாள். அவன் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினான். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினான்.

மார்ச் முதல் தேதி வந்தது. எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொள்ளும் நாள். ஸ்தோயாங்கா வருஷா வருஷம் தானே திரித்து மகனுக்கும் மருமகளுக்கும் கொடுத்தனுப்புவாள். இந்த முறை பொட்டலத்தைப் பிரித்தபோது மூன்று இருந்தன. மூன்றாவது ஒரு விரல் மட்டுமே நுழையக்கூடிய அளவு. பிளாமென் காது வரை சிவந்து போனான். அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்றான்.

அன்று வேலை முடிந்ததும் நெவெனா, யாருக்கும் தன்னைத் தெரியாத ஊர்க்கோடி மருந்துக் கடை ஒன்றுக்குப் போய் இன்னொரு பட்டை வாங்கினாள். பேருந்து நிலையக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். இல்லை. வெளியே ஆள் தட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை இல்லையென்றால் உடம்புக்குள் இருப்பது என்ன? கட்டி வெடித்துவிட்டதா? புற்றாகிவிட்டதா? டாக்டரிடம் போனால் ஏன் தள்ளிப் போட்டீர்கள் என்று கேட்பார். பிளாமெனிடம் சொன்னால் அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அவன் படிக்கட்டில் அவள் பையை வாங்கிக்கொண்டான், ஜன்னல் ஓரம் குளிரும் என்று கட்டிலை நகர்த்திப் போட்டான். சொல்ல வாய் வரவில்லை. பயம் கூடக் கூட அவள் கை அந்த அலமாரிக்குத்தான் போயிற்று. வேறு எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தலை மந்தமாயிற்று. ஒருநாள் ஒரு நிறுத்தத்தைத் தாண்டியே போய்விட்டாள். பின்னாலிருந்து ஒரு கிழவர் கம்பியைத் தட்டி, என்னம்மா, எங்களை ருமேனியாவுக்கே கூட்டிப்போறியா என்று கத்தினார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சந்தைத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க மறந்தாள். கூரை மேலிருந்து மின்சாரம் வாங்கும் இரண்டு தண்டுகளும் கம்பியை விட்டு எகிறின. வண்டி செத்து நின்றது. அடிக்கடி நடப்பதுதான்; இறங்கிப்போய் பின்னால் தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தண்டுகளைத் திரும்பக் கம்பியில் மாட்ட வேண்டும். எத்தனையோ முறை பனியிலும் மழையிலும் செய்திருக்கிறாள். இப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் எந்தத் தண்டு எந்தக் கம்பிக்கு என்று பிடிபடவில்லை. கைகள் தன்னுடையவை போலவே இல்லை. பின்னால் கார்கள் ஒலியெழுப்பின. கயிற்றை விட்டுவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். அங்கேயே வாந்தியெடுத்தாள்.

வெங்காயத்தாள் கட்டோடு வந்த ஒரு பெண் பக்கத்தில் குனிந்து அவள் முதுகைத் தடவினாள்.

"மகளே, மாசமா இருக்கியா?"

"ஆமா," என்றாள் நெவெனா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்திருக்கலாம். அந்தப் பெண் ஆம்புலன்ஸ்காரர்களிடம் அதையே சொன்னாள், ஆம்புலன்ஸ்காரர்கள் மருத்துவமனையில் அதையே சொன்னார்கள். பிளாமென் வேலையுடுப்போடு ஓடிவந்தபோது தாழ்வாரத்தில் இருந்த நர்ஸ் அவனிடமும் அதையே சொன்னாள்.

முதலில் செய்த பரிசோதனையிலேயே பொய் உடைந்தது. மெதோதியேவ் என்ற இளம் மருத்துவர் வந்து, கர்ப்பம் இல்லை என்று இருவரிடமும் சேர்த்துச் சொன்னார். பிளாமென் சரி என்பதுபோல் கையை மட்டும் அசைத்தான். டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது என்றார்.

"என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஹட்ஜியேவா டாக்டர் எழுதின சொட்டு மட்டும்தான்."

அந்தச் சொட்டு இவ்வளவு செய்யாது என்று மெதோதியேவ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த அளவு கால்சியம் இருந்தால் உடம்பில் எங்காவது கெட்ட கட்டி இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெவெனா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வாயைத் திறந்தால் அக்கா மாட்டிக்கொள்வாள். திறந்தால் இத்தனை மாதம் மறைத்தது தெரியும். கதவிடுக்கு வழியாகப் பிளாமென் தெரிந்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் அவன் அம்மா ஹலோ ஹலோ என்று கேட்பது இங்கே வரை கேட்டது. அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதைப் பார்த்த பிறகு அவளால் படுத்திருக்க முடியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எனக்குப் புற்றெல்லாம் இல்லடா. குளியலறைல துவாலைக்குப் பின்னால ஒரு புட்டி இருக்கு. அதத்தான் குடிச்சிட்டிருந்தேன்."

"என்ன புட்டி?"

"வைட்டமின் டி. காட்டமானது. கட்டி கரைஞ்சிடும்னு."

"எப்பருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடிருந்து. வெட்ட விட்டா சினைப்பையும் சேந்து போயிடும்னு பயந்துட்டேன். போச்சுன்னா அப்புறம் நமக்கு ஒண்ணுமே இல்லையே."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கொழந்த இல்லன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்கம்மா நூல் குடுத்தனுப்பின அன்னிக்கே."

அவன் வெளியே போனான். திரும்பி வரமாட்டான் என்றே அவள் நினைத்தாள். ஒரு மணி நேரத்துக்குள் புட்டியோடு வந்து மெதோதியேவ் கையில் கொடுத்தான். பிறகு அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் காலணிகளின் மேல் ஒட்டியிருந்த சாலைச் சேற்றை விரலால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

தெமெனூகா சாயங்காலம் வந்தாள். வந்ததும் வராததுமாக, நான் கொஞ்சம்தானே எடுக்கச் சொன்னேன், நீ ஏன் கூட்டினே என்று ஆரம்பித்தாள். பிளாமென் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தங்கையின் கையில் ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "உன்ன நானே கொன்னிருப்பேன்டி," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். நெவெனாவுக்கு அவளைத் தேற்றவும் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை. அந்தப் புட்டியில் சொன்னதைவிடப் பல மடங்கு மருந்து இருந்ததும், அதுதான் கால்சியத்தை ஏற்றிவிட்டது என்பதும் பிறகு தெரிந்தது. விற்ற பெண் குழுவிலிருந்தே காணாமல் போனாள்.

கட்டிக்கான தேடலை டாக்டர்கள் நிறுத்தினார்கள். நாள் கணக்காகக் குழாயில் உப்புநீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. உடம்பின் கொழுப்பில் சேர்ந்துவிட்ட வைட்டமின் லேசில் இறங்காதாம். கோடை முழுக்க வெயிலில் அலையக்கூடாது, பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"தயிர் இல்லாம ஒரு மனுஷி எப்படி உசுரோட இருக்கறது?" என்று ஸ்தோயாங்கா கேட்டாள். அவள் பருப்பு சூப்போடு வந்திருந்தாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. சூப்பில் உப்பு குறைவு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, நெவெனா கடைசிக் கரண்டி வரை சாப்பிடும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். போகும்போது மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு ஒருமுறை சேர்த்து அழுத்தினாள்.

மே மாதம் நெவெனா ஹட்ஜியேவாவிடம் போனாள். திட்டு விழும் என்று பயந்துகொண்டுதான் போனாள். அவர் திட்டவில்லை.

"அப்போ வைட்டமின் டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா டாக்டர்?"

"இருக்கலாம். இன்னும் தெரியல. தெரியலன்னு நான் சொன்னத உங்களால தாங்க முடியல, அவ்வளவுதான்."

"தெரியாதத வச்சுக்கிட்டு எப்படி டாக்டர் காத்திருக்கறது?"

ஹட்ஜியேவா சிறிது நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, சிறுநீரகம் முழுசாகத் தேறட்டும் என்று, அக்டோபரில் ஆபரேஷனுக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பிளாமென் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அந்தக் கோடை அவர்களுக்குச் சுலபமாகப் போகவில்லை. வலி ஒருபுறம். பிளாமென் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் அவள் எதையாவது வாயில் போட்டால் அவன் கண் தன்னையறியாமல் அங்கே போயிற்று. அவள் அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவளே பொறுக்காமல் வாயைத் திறந்து காட்டி, மிட்டாய்தான் என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

ஆபரேஷன் நினைத்ததைவிட நீண்டது. குடலோடு ஒட்டிக்கொண்டிருந்த இடங்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். இடது சினைப்பையில் பாதி தங்கியது, வலது பக்கம் நன்றாகவே இருந்தது. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பிள்ளைக்கு வழியிருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது, இந்த நோய் மறுபடி முளைக்கவும் கூடும் என்றார் ஹட்ஜியேவா. நெவெனா இந்த முறை எல்லாச் சொற்களையும் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லியும் கேட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு டிசம்பரில் முதல் தூரம் வந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. காலையிலிருந்தே சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வலி இந்த முறை எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிளாமென் வேலைக்குப் போகாமல் கதவருகே மேல்கோட்டோடு நின்றான்.

"வலிக்குதா?"

"வலிக்குது." அவள் யோசித்துப் பார்த்தாள். "பேச முடியுது. இதுக்கு முன்னாடி பேச முடியாது."

"நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இரு. கூடுதான்னு பாத்துட்டுப் போ."

அவன் மேல்கோட்டைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்தான்.